அளக்காத முதுகு

அந்த ஸ்கேல் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. பன்னிரண்டு அங்குல மர ஸ்கேல். ஓரத்தில் பித்தளைத் தகடு பதித்தது. முதல் நான்கு அங்குலத்துக் கோடுகள் கைபட்டுத் தேய்ந்து மங்கிவிட்டன. ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் பளிச்சென்று இருக்கின்றன. முனையில் கொஞ்சம் செம்மண் ஒட்டியிருக்கிறது. பெரிய டாக்டர் இதை மேசை இழுப்பறையில் ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். முதுகுவலி என்று வருகிறவர்களைச் சுவரோரம் நிறுத்தி, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்கச் சொல்லி, பின்னந்தலைக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று இதை நுழைத்துப் பார்ப்பார். நல்ல முதுகென்றால் தலை தானாகச் சுவரில் முட்டும். வியாதி முற்ற முற்ற முதுகு கூனி, தலை முன்னே போய்க்கொண்டே இருக்கும். அளந்ததைச் சீட்டில் எழுதிவிட்டு, சட்டைப்பைத் துணியால் ஸ்கேலைத் துடைத்து உள்ளே வைப்பார்.

டாக்டர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கள்ளக்குறிச்சியில் அவருக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அவருடைய ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்குமேல் எக்ஸ்ரே எடுத்தவன் நான் என்பதால் என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். நெகிழ்ச்சியாக இருக்கட்டும் என்றார் போனில் பேசியவர். டாக்டர் பயன்படுத்திய பொருள் ஏதாவது இருந்தால் கொடுங்கள், வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறோம் என்றும் சொன்னார். எனக்கு நெகிழவில்லை. வயிறு எரிந்தது. போனை வைத்துவிட்டு நெடுநேரம் இந்த ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுத ஆரம்பித்ததுதான் இது. ஒரு பக்கத்தில் அடங்காது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

முதலில் என் முதுகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது. நைனார்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தேன். காலையில் பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. பல் துலக்கக் குனிய முடியவில்லை. இருட்டறையில் ஃபிலிம் கழுவி முடிப்பதற்குள் முதுகு பலகையாகிவிடும். ஒருநாள் தயங்கித் தயங்கி டாக்டரிடம் சொன்னேன். காலையில் மரக்கட்டை மாதிரி இருக்கு சார், நடந்துகிட்டே இருந்தா சரியாயிடுது, உட்கார்ந்தா மறுபடியும் பிடிச்சுக்குது என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். “நடந்தா சரியாவுதா? அட, அதான்யா அடையாளம்! சுமை தூக்கி வர்ற வலி நடந்தா ஜாஸ்தியாவும். இது நடந்தா கம்மியாவும். ரெண்டுக்கும் அதான் வித்தியாசம், எழுதி வெச்சுக்க” என்றார்.

அன்றைக்கே என்னையே எக்ஸ்ரே மேசைமேல் படுக்கச் சொல்லி, அவரே பட்டனை அழுத்தினார். ஈரம் காயாத ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, இடுப்பெலும்பும் தண்டெலும்பும் சேருகிற மூட்டு கறையான் அரித்ததுபோல் இருப்பதைக் காட்டினார். ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று வாய்க்குள் நுழையாத பெயர். முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வந்து, விட்டுவிட்டால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகே ஒரே எலும்பாகிவிடும் வாதம். இளவட்டங்களைத்தான் பிடிக்கும். மருந்து பாதி, அசைவு பாதி என்றார். “ராத்திரி படு. ஆனா படுத்துட்டே இருந்தியோ, தொலைஞ்ச” என்றார். தலையணை கூடாது. காலையும் மாலையும் நடக்க வேண்டும், சுவரில் முதுகை ஒட்டி நின்று மூச்சை இழுக்க வேண்டும். மாதம் ஒருமுறை என்னைச் சுவரோரம் நிறுத்தி ஸ்கேலால் அளப்பார். நான் சோம்பினால் திட்டுவார், வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்பார். இன்றைக்கு அறுபது தாண்டியும் நான் நிமிர்ந்து நடக்கிறேன் என்றால் அந்த மனிதர்தான் காரணம். இதை மறைத்து எழுதினால் நான் சோறு தின்கிறவன் இல்லை. எழுதும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அவர் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களின் சீட்டில், பெயருக்கு மேல் ஒரு வட்டம் போட்டு உள்ளே ‘ம’ என்று எழுதுவோம். மலை என்று அர்த்தம். சாதிச் சான்றிதழில் மலையாளி என்று இருக்கும் அந்த மக்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மலையிலேயே தினையும் சாமையும் விதைத்து, கடுக்காய் பொறுக்கிப் பிழைக்கிறவர்கள். அவர்களால் அடிக்கடி வர முடியாது, அதனால் ஒரே தடவையில் மருந்தெல்லாம் சேர்த்துக் கொடுக்கலாம் என்பதற்காக ஏற்பட்ட அடையாளம் அது. நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியிருக்கிறார்கள். நாளாக ஆக, டாக்டர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார். மலைக்குக் கீழே தரையிலிருந்து வருகிற கரும்புக்காரரை “வாங்க, உக்காருங்க” என்பார். வட்டம் போட்ட சீட்டு மேசைக்கு வந்தால், வருகிறவருக்கு அவர் அப்பா வயதானாலும் “வாடா, இன்னா?” தான்.

அவருக்கு ஒரு கொள்கையும் இருந்தது. படிக்கும்போது இந்த முதுகு வாதத்தை வெள்ளைக்காரன் வியாதி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்களாம். ஊருக்கு வந்து பார்த்தபின் நம் ஜனத்துக்கும் வருகிறது என்று தெரிந்துகொண்டாராம். அந்த மட்டும் பாராட்டலாம். ஆனால் அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மலை ஜனத்துக்கு ரத்தமே வேறு, அவர்களுக்கு இது வராது, வந்தாலும் லேசாக வந்து போய்விடும் என்பார். “மலைக்காரன் முதுகு வேற, நம்ம முதுகு வேற” என்பது அவர் வாயில் புழங்கிய வாசகம். புதிதாகச் சேரும் சின்ன டாக்டர்களிடம் சொல்வார். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், நானே குனியச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எல்லாம் நன்றாகத்தான் குனிகிறான் என்றிருப்பார். அது பொய்யும் இல்லை. எப்படிப் பொய்யில்லை என்பதுதான் கதை.

ஒரு மாசி மாதத்து மதியம் அந்தக் கடுக்காய்க்காரர் வந்தார். வெள்ளிமலைக்கும் அப்பால் அவர் ஊர். கடுக்காய் மூட்டை சுமந்துவந்து கச்சிராயபாளையத்தில் விற்கிறவர் என்பதால் அவரை நான் அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். என்னைவிட இரண்டு வயது சின்னவராக இருப்பார். கூட அவர் சம்சாரம். இருள் பிரியும் முன்பே புறப்பட்டுக் காட்டுத் தடத்தில் இறங்கி, கச்சிராயபாளையம்வரை நடந்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு கரும்புக்காரர் உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. டாக்டர் அவரைச் சுவரோரம் நிறுத்தி ஸ்கேலால் அளந்ததைக் கடுக்காய்க்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் முறை வந்தது. அப்போது நான் வேறொருவரின் ஃபிலிமைக் கொடுக்க உள்ளே நின்றிருந்தேன். டாக்டர் வட்டத்தைப் பார்த்தார். “குனிடா” என்றார். அவர் குனிந்தார். விரல் தரையைத் தொடவில்லை, ஆனாலும் முழங்காலுக்குக் கீழே போனது. “பாருய்யா, எப்படி குனியறான்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார் டாக்டர். கடுக்காய்க்காரரின் சம்சாரம்தான் முன்னால் வந்து பேசினாள்.

“காலைல வந்து பாக்கணுங்க சார். படுத்த எடத்துலேர்ந்து ஏந்திரிக்கவே முடியாது. மரக்கட்டயாட்டம் கெடக்கும். நாந்தான் பக்கவாட்டுல பொரட்டி ஏத்தி வுடணும். அப்பறம் நடந்துகினே இருந்தா செரியாப்பூடுதுங்க. செத்த நேரம் உக்காந்தா மறுக்கா புடிச்சிக்கிது.”

சில மாதங்களுக்கு முன்பு, அதே அறையில், அதே மேசைக்கு எதிரில் நின்று நான் சொன்ன வார்த்தைகள். மரக்கட்டை என்பதுகூட மாறவில்லை. டாக்டர் பேனாவை மூடி வைப்பார் என்று அவர் கையையே பார்த்தேன். அவர் சிரித்தார்.

“நடந்தா சரியாப்பூடும்னா அப்பறம் எதுக்கும்மா ஆஸ்பத்திரிக்கு வர்ற?”

மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். என் வாயிலிருந்து வந்தால் அடையாளம். அவள் வாயிலிருந்து வந்தால் கேலி. எனக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. தரைக்காரர்கள் பாயிலிருந்து எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கு, முதுகு விறைத்திருக்கும்போதே, டாக்டர் முன்னால் வந்து நிற்கிறார்கள். மலைக்காரர்கள் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் நடந்து, விறைப்பெல்லாம் விட்டபிறகு மதியத்துக்கு வருகிறார்கள். அவர் ரத்தம் என்று சொன்னது நடையை. இந்த வியாதி ஜனத்துக்கு ஜனம் மாறுபடும், ஒரு ஜனத்துக்குக் கண் சிவக்கும், இன்னொன்றுக்கு இடுப்பு மூட்டு முதலில் போகும் என்று பின்னாளில் நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். இருக்கலாம். நான் படித்தவன் இல்லை. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த வித்தியாசம் கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் நடுவில் இருந்த மலைப்பாதைதான். இது எனக்குத் தெரிந்தது. என் முதுகே சாட்சி. காலை ஆறு மணிக்கு நான் கட்டை, மதியத்துக்கு நானும் நன்றாகத்தான் குனிவேன்.

ஒரு ஃபிலிம் எடுத்துப் பார்க்கலாமா சார் என்று நான் கேட்டிருக்கலாம். ஐந்தே வார்த்தை. கேட்கவில்லை. அவர் தயவில் நிமிர்ந்து நிற்கிறவன், அவர் பேச்சுக்கு மேல் பேச்சா என்று நினைத்தேன். அதைவிட அசிங்கமான ஒன்றையும் நினைத்தேன். கடுக்காய்க்காரர் முதுகும் என் முதுகும் ஒன்று என்று நானே எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரியில் வட்டம் போடாத சீட்டு எனக்கு. அந்தப் பெருமையை விட எனக்கு மனம் வரவில்லை. வெட்கங்கெட்டவன்.

டாக்டர், சுமை தூக்கி முதுகு நொந்திருக்கிறது என்று எழுதினார். ஓர் ஊசி, வலி மாத்திரை, மூன்று மாதம் படுக்கை. எனக்கு நடை, அவருக்குப் படுக்கை. “வெளிய கூட்டிப் போய் நீ விளக்கிச் சொல்லுய்யா, நம்ம பேசறது இவனுங்களுக்கு ஏறாது” என்றார்.

வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். “டாக்டரு சொன்னத அப்பிடியே கேக்கணும். மூணு மாசம் அசையாம படுக்கணும். மரம் ஏறக் கூடாது, மல ஏறக் கூடாது, நடக்கவே கூடாது.” அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் சம்சாரம்தான் விடவில்லை. நடந்தாதானே சார் நல்லா கீது என்றாள். டாக்டருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும் என்று அடக்கினேன். மூணு மாசத்துக்கப்பறமும் வலிச்சா இன்னா சார் பண்றது என்று கேட்டாள். உள்ளே மணி அடித்தது. எனக்கு ஃபிலிம் காத்திருந்தது. “வலி போற வரைக்கும் படுக்கச் சொல்லுங்க” என்றேன்.

அதை டாக்டர் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவசரத்தில், ஆளை அனுப்பினால் போதும் என்று, என் கையிலிருந்து போட்டது. அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

திரும்பி வரவில்லை. மலைக்காரர்கள் திரும்பி வராவிட்டால் குணமாகிவிட்டது என்பது டாக்டரின் கணக்கு. நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். பல வருஷம் கழித்து ஒருநாள் கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில், நிலத்தையே பார்த்தபடி கூனி நின்ற ஒருவரைக் கண்டேன். அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணைத் தெரிந்தது. அவள் என் பக்கம் திரும்புவதற்குள் டீக்கடைக்குள் புகுந்து, அவர்கள் பஸ் புறப்படும்வரை பேப்பர் படிப்பதுபோல் நின்றேன். அந்த வருஷம்தான் டாக்டர் ஓய்வு பெற்றார். விழா முடிந்து என்னைத் தனியாக அழைத்து, இந்த ஸ்கேலைக் கையில் கொடுத்தார். “மாசம் ஒரு தடவ அளந்து பாத்துக்கய்யா, நான் இல்லன்னு சோம்பிடாத” என்றார். கண் கலங்கியிருந்தார். எனக்கும் கலங்கியது. அதற்காகவும் அவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குப் பொருள் கேட்டுப் போன் வந்த மறுநாள், ஸ்கேலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். பஸ் நிலையத்தில் வெள்ளிமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. என்ன வேகத்தில் ஏறினேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, வெள்ளிமலையில் கூனிப்போன கடுக்காய்க்காரர் என்று விசாரித்து, ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஓடு மாற்றிய மண்சுவர் வீடு. அவர் வாசலில் நின்றிருந்தார். தாடை நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. வந்தது யார் என்று பார்க்க, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே பக்கவாட்டில் திருப்பி, கண்ணை மட்டும் மேலே உருட்டினார்.

எக்ஸ்ரே எடுத்தவன் என்று சொன்னதும் சம்சாரம் உள்ளேயிருந்து வந்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வூட்டுக்குள்ள வாங்க சார் என்று கூப்பிட்டாள். அவர்தான் பேசினார்.

“டாக்டரு சொன்னத ஒரு நாளுகூட மீறலீங்க. இவ ஏந்து நடய்யா, நடய்யானு சண்ட போடுவா. நீங்க வலி போற வரிக்கும் படுக்கச் சொன்னீங்களே, படுத்தேன். வூட்டு வேல, காட்டு வேல எல்லாம் இவதான். அஞ்சாறு வருசம் ஆச்சி. சொன்னாப்பலயே வலி போயிடிச்சிங்க. ஏந்து நின்னா, இப்பிடிதான் நிக்க முடிஞ்சிது.”

வலி ஏன் போனது என்று எனக்குத் தெரியும். எலும்பு முழுக்க ஒட்டிப்போனால், அசைய ஒன்றும் மிச்சமில்லாமல் போனால், இந்த வியாதியில் வலி விட்டுவிடும். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் சம்சாரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

என் பை தரையில் இருந்தது. அவருக்குத் தரைதான் தெரியும். ஸ்கேலின் பித்தளை ஓரம் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். “இது அந்த ஸ்கேலுதானே சார்? எனுக்கு முன்னாடி போனாரே ஒரு கரும்புக்காரரு, அவருக்கு அளந்தாரே. எனுக்கு அளக்கலயே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்குமேல் மனதில் வைத்திருந்த ஒன்றைக் கேட்டுவிட்ட குரல். நான் பதில் சொல்வதற்குள் மெல்ல நகர்ந்துபோய், அன்றைக்குக் கதவு வழியாகப் பார்த்த மாதிரியே குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்றுகொண்டார். இடுப்பு சுவரில் பட்டது. அதற்குமேல் எதுவும் படவில்லை.

ஸ்கேலை எடுத்து முனையைச் சுவரில் வைத்தேன். தேய்ந்த நாலு அங்குலம் போயிற்று. யாருக்கும் பயன்படாமல் புதிதாக இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின. ஸ்கேல் முடிந்துவிட்டது. அவர் பின்னந்தலை இன்னும் தள்ளி இருந்தது. முனை மண்சுவரில் அழுந்தியது.

“எத்தினி சார்?” என்றார்.

பன்னிரண்டு என்றேன். அவர் சரியென்று தலையாட்டப் பார்த்தார், தலை ஆடவில்லை.

ஸ்கேலை இந்த எழுத்தோடு சேர்த்து அனுப்பப் போகிறேன். முனையில் இருப்பது அந்த வீட்டுச் செம்மண். பெட்டிக்குள் வைக்கிறவர்கள் துடைக்காமல் வைக்க வேண்டும். துடைத்துவிடுவார்கள், எனக்குத் தெரியும்.